கால் கொடுத்த பிறகு வரும் வேலைக்குக் காசு வாங்கலாமா? (சுங்கை சிப்புட்)

பட்டறைக்காரன் | புதன், இரவு 10.40

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆறு வருடமாகச் செயற்கைக் கால், கை, பிரேஸ் செய்யும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். கடைவீட்டின் முன்பக்கம் அளவெடுக்கும் அறை, நடந்து பழக இரண்டு பக்கக் கம்பி. பின்பக்கம் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் அடுப்பு, வேக்கம் பம்ப், அரைக்கும் மெஷின், எங்கு பார்த்தாலும் பிளாஸ்டர் தூசு. நான், உதவிக்கு ஒரு தம்பி, கணக்குக்கு என் மனைவி, அவ்வளவுதான் ஆள்.

நேற்று வீட்டில் சண்டை. காரணம் ஓர் ஐயா. 61 வயது, பழைய தோட்டத்து லாரி டிரைவர், இனிப்பு நீரால் (சர்க்கரை நோய்) வலது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) கால் செய்து கொடுத்தேன். ஐந்து மாதத்தில் ஒன்பது முறை வந்துவிட்டார். ஒருமுறை எலும்பு முனையில் உரசல், ஒருமுறை சாக்கெட் (வெட்டின காலை நுழைக்கும் கூடு) ஆடுகிறது, ஒருமுறை "என்னமோ சரியில்லை தம்பி" என்று மட்டும் சொன்னார், அன்றுதான் அதிக நேரம் ஆனது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். மனைவி நோட்டைத் திறந்து காட்டினாள். அந்த ஒன்பது வரவையும் கூலியாகப் போட்டுப் பார்த்தால் அந்தக் காலில் எனக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இனிமேல் ஒரு வரவுக்கு 40 வெள்ளி என்று போர்டு வை என்கிறாள்.

அவர் தொல்லை கொடுக்கிற ஆள் இல்லை. வெட்டின கால் முதல் வருடம் முழுக்க வற்றிக்கொண்டே இருக்கும். வீக்கம் இறங்கும், தசை சுருங்கும். மார்ச்சில் கச்சிதமாக இருந்த சாக்கெட் ஜூனில் தொளதொள என்று ஆகும். அதற்குத்தான் ஒரு பிளை, மூன்று பிளை, ஐந்து பிளை என்று வேறு வேறு கனத்தில் காலுறை கொடுக்கிறோம், மேலே மேலே போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு பிளை போட்டும் ஆடுகிறது என்றால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். இதெல்லாம் முதல் நாளே சொல்கிறேன். ஆனால் கேட்பவர் காதில் "கால் 4,800" என்பது மட்டும்தான் விழுகிறது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களும், கால் போட்டிருப்பவர்களும் சொல்லுங்கள். வாங்கலாமா?

டயர்கடை_தவுக்கே | புதன், இரவு 11.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாங்குங்கள். நான் டயர் விற்றால் முதல் பேலன்சிங் ஓசி, அடுத்த முறை காசு. அலைன்மெண்ட் தனி. யாரும் சண்டைக்கு வருவதில்லை லா. கடை வாடகை பரிதாபப்பட்டுக் குறையாது, உதவிக்கு இருக்கும் தம்பிக்கு மாதச் சம்பளமே 1,700க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், சட்டமே அப்படித்தான். நீங்கள் கடையை மூடினால் அந்த ஐயா ஈப்போ வரை போக வேண்டியிருக்கும், அதுதான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

இடதுகால்_விடுமுறை | வியாழன், காலை 6.20

டயருக்கு வலி தெரியாது தவுக்கே.

எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே இல்லை. அதுவும் இனிப்பு நீர்தான், சுண்டு விரலில் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்தது. செருப்பு கடித்தது என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு பத்து நாள் பால்மரம் வெட்ட (ரப்பர் பால் எடுக்க) போனேன், காலில் உணர்ச்சியே இல்லாததால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

முதல் காலை வேறு ஊரில் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு தடவையும் 50 வெள்ளி. பணத்தோடு முடியவில்லை, கேளுங்கள். பஸ் நேரத்துக்குக் கிடையாது, கிராப் டாக்சி பிடித்தால் போக வர எழுபது எண்பது, கூட வரும் மகனுக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. மூன்று தடவை போனேன், நான்காவது தடவை போகவில்லை. சாக்கெட்டுக்குள் பழைய பனியனை மடித்து வைத்து நடந்தேன். இரண்டே வாரத்தில் எலும்பு முனையில் புண். இரண்டு மாதம் டிரெஸ்ஸிங் கட்ட கிளினிக்குக்கு அலைந்தேன். அந்தக் கால் இப்போது அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது, பேரப்பிள்ளைகள் அதற்குப் பூச்சாண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

40 வெள்ளி போர்டு வைத்தால் ஐயா வரமாட்டார். "நல்லா இருக்கு தம்பி" என்று போனிலேயே சொல்லிவிடுவார். பட்டறைக்காரரே, உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறவர்தான் நல்ல கஸ்டமர். வராதவரை நினைத்துக் கவலைப்படுங்கள்.

ஃபிசியோ_அக்கா | வியாழன், மதியம் 1.15

மேலே அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து வருபவர்கள் பலர் கால் எடுத்த பிறகுதான் கால் பராமரிப்பு என்ற வார்த்தையையே கேட்கிறார்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், அந்த ஐயா டயாலிசிஸ் போகிறாரா? போனால் ஒன்பது முறைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டயாலிசிஸ் முடிந்த மாலை உடம்பில் தண்ணீர் இறங்கி ஸ்டம்ப் (வெட்டின காலின் மீதிப் பகுதி) சின்னதாக இருக்கும், அடுத்த முறை போவதற்கு முன்னால் ஊதியிருக்கும். ஒருநாள் இறுக்கம், ஒருநாள் தளர்ச்சி. நீங்கள் எந்த நாளில் அளவெடுத்தீர்கள்?

பட்டறைக்காரன் | வியாழன், இரவு 9.50

அக்கா, தலையில் கை வைத்துக்கொண்டேன். போகிறார்தான், திங்கள் புதன் வெள்ளி. நான் அளவெடுத்தது ஒரு வியாழக்கிழமை. புதன் மாலை தண்ணீர் இறங்கியிருக்கிறது, மறுநாள் காலை சின்னதாக இருந்த காலைப் பிளாஸ்டரில் பிடித்திருக்கிறேன். அவர் ஆடுது என்று வந்தது எல்லாம் எந்தக் கிழமை என்று இன்று நோட்டைப் புரட்டினேன், குறித்துவைக்கவே இல்லை. இறுக்குது என்று வந்த மூன்றும் திங்கட்கிழமை காலை என்று மட்டும் என் தம்பிக்கு ஞாபகம் இருக்கிறது, டயாலிசிஸ் போகும் வழியில் இறங்கினாராம். இனிமேல் காலுறையை எந்த நாளில் எத்தனை பிளை என்று ஒரு அட்டையில் எழுதித் தருகிறேன். ஆறு வருடம் தொழில் செய்தும் இதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

லயன்வீட்டுப்_பேத்தி | வியாழன், இரவு 10.30

அண்ணே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பி போன வருடம் காலை ஷிஃப்ட்டுக்கு மோட்டாரில் போகும்போது லாரி மோதி கால் போய்விட்டது. நாங்கள் அழுதுகொண்டே கடன் வாங்கத் தயாரானோம். பக்கத்து வீட்டு அங்கிள்தான் சொன்னார், வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால் அதுவும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை விபத்துதான் என்று. செயற்கைக் கால், பயிற்சி எல்லாம் அவர்கள் பார்த்தார்கள், மலாக்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பழகிவிட்டு வந்தான். இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஆனால் எங்கள் பாட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. பால்மரத்தில் நாற்பது வருடம் வெட்டினார், வேலையை விட்டுப் பத்து வருடம் கழித்துக் கால் போனது. அவருக்கு எங்கே போவது?

பட்டறைக்காரன் | வியாழன், இரவு 11.20

தங்கச்சி, முதலில் ஓகேயூ கார்டு (ஊனமுற்றோர் அடையாள அட்டை) எடுத்துவிடுங்கள், மற்ற எல்லாக் கதவும் அதற்குப் பிறகுதான். கார்டு இருந்தால் சமூக நலத்துறையில் செயற்கை உறுப்பு, உதவிக் கருவிக்கான உதவிக்கு மனுச் செய்யலாம். மருத்துவரின் கடிதம், விலைச்சீட்டு கேட்பார்கள், விலைச்சீட்டை நான் இலவசமாகவே எழுதித் தருவேன். உங்கள் அப்பாவோ அம்மாவோ வருமான வரி கட்டுகிறார்களா? ஊனமுள்ள பெற்றோருக்கு அடிப்படை உதவிக் கருவி வாங்கினால் 6,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு, பாட்டியின் பிள்ளையின் பெயரில் ரசீது போட வேண்டும், பேத்தியின் பெயரில் போட்டால் செல்லாது. இது தெரியாமல் ரசீதைத் தூக்கிப் போட்டவர்கள் என்னிடமே நாலைந்து பேர்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோ வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். இப்போது செம்பனை வெட்டுபவர்கள் பாதிக்கு மேல் பங்களாதேஷ்காரர்களும் இந்தோனேசியர்களும்தான், அவர்களுக்கே தெரியாது. போன வருடம் கையை இழந்த ஒரு பங்களா தம்பிக்கு, பார்க்க அசல் கை மாதிரி இருக்கும் ரப்பர் கையைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரும்புக் கொக்கியை எடுத்தார். ஊருக்குப் போய் மாடு வளர்க்கப் போகிறாராம், கயிறு பிடிக்க வேண்டும்.

முப்பரிமாணம் | வெள்ளி, நள்ளிரவு 12.10

ஏன் இன்னும் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்? கைப்பேசியிலேயே ஸ்கேன் எடுத்து முப்பரிமாண பிரிண்டரில் சாக்கெட் அடித்தால் செலவு பாதியாகும். நான் குளுவாங்கில் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒரு கை அடித்துக் கொடுத்தேன். ஜெய்ப்பூர் கால் மாதிரி மலிவாகச் செய்ய நம் ஊரில் யாரும் முயற்சி செய்வதே இல்லை.

பட்டறைக்காரன் | வெள்ளி, காலை 7.45

தம்பி, ஸ்கேனுக்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகளின் முதுகு வளைவு பிரேஸுக்கு அதைத்தான் கொடுத்துச் செய்து வாங்குகிறேன், ஒரு பிள்ளையைச் சட்டையில்லாமல் நிற்கவைத்துப் பிளாஸ்டர் சுற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஸ்கேன் தோலின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. முழங்காலுக்குக் கீழ் சாக்கெட்டில் எடையை எங்கே தாங்க வைப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதுதான் வேலையே. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் அழுத்தம் தாங்கும், வெளிப்பக்கத்தில் துருத்தும் சின்ன எலும்பின் தலை தாங்காது, முன்னெலும்பின் விளிம்பும் தாங்காது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால்தான் "ஐயோ" என்ற சத்தம் வரும் இடம் தெரியும். பிரிண்டர் அந்தச் சத்தத்தைக் கேட்காது. கைக்கு நீ செய்தது நல்ல காரியம், அதில் முழு உடம்பின் எடை விழுவதில்லை. காலுக்கு அடிக்கும் முன் ஒருநாள் பட்டறைக்கு வா, கோப்பி வாங்கித் தருகிறேன்.

ஜெய்ப்பூர் கால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1968 வாக்கில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. பாதம் ரப்பர், செருப்பு இல்லாமல் நடக்கலாம், சம்மணம் போடலாம், குந்தலாம், வயலில் ஈரத்தில் இறங்கலாம். மேல்நாட்டுக் கால்கள் எல்லாம் சப்பாத்துக்குள் மறைந்திருக்க வேண்டும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. நம் தாத்தாக்கள் இங்கே ரப்பர் பால் எடுத்துக் கப்பலேற்றினார்கள், அந்த ரப்பரை இப்படிப் பாதமாக வார்க்கலாம் என்று ஜெய்ப்பூரில் தோன்றியிருக்கிறது, நமக்குத் தோன்றவில்லை. பொருள் மலிவாக இருப்பது எனக்கும் ஆசைதான். ஆனால் மேலே அண்ணன் சொன்னாரே, பனியன் மடித்து வைத்த கதை. அங்கே பொருள் மலிவா விலையா என்பது பிரச்சினையே இல்லை, திரும்பிப் போக முடியவில்லை.

இடதுகால்_விடுமுறை | வெள்ளி, காலை 8.30

சப்பாத்து என்றதும் நினைவு வந்தது. வெளியே நன்றாக நடக்கிறேன். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் முழங்கால் பின்னால் தள்ளுகிறது, மேடு ஏறுவது போல இருக்கிறது. கோயிலிலும் அப்படித்தான், பிரகாரம் சுற்றி வருவதற்குள் தொடை கழன்றுவிடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அதற்கு ஏதாவது வழி உண்டா?

பட்டறைக்காரன் | வெள்ளி, மதியம் 12.50

வயசு காரணமில்லை அண்ணே, செருப்பு. உங்கள் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குச் செய்தது, ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். செருப்போடு நிற்கவைத்து அலைன்மெண்ட் பிடித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றினால் குதிகால் இறங்குகிறது, முழுக் காலும் பின்னால் சாய்கிறது, முழங்காலைத் தள்ளுகிறது. வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு இருப்பான், அவனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. நமக்குப் பாதி நாள் வெறுங்கால்.

குதிகாலுக்கு அடியில் கட்டிக்கொள்ள ஓர் ஆப்பு செய்யலாம், கெட்டியான ஈவிஏ ஸ்பாஞ்சை வெட்டி, மேலே காலுறை மாட்டினால் கோயிலில் யாருக்கும் தெரியாது. செய்யப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் இப்போது எல்லாருக்கும் கால் கொடுக்கும்போதே ஒன்று சேர்த்துக் கொடுக்கிறேன். உங்களுக்கும் ஒன்று வெட்டித் தருகிறேன், எங்கே வாங்கிய காலாக இருந்தாலும் பரவாயில்லை.

கூலிம்_பிரேஸ் | வெள்ளி, இரவு 9.15

நானும் இதே தொழில்தான், கூலிமில் பதினோரு வருடம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் காலை வைத்துப் பிழைக்கப் பார்க்கிறீர்கள். கால் பேர் கொடுக்கும், சாப்பாடு போடாது. என் கடையில் வாடகை கட்டுவது பக்கவாதம் வந்து பாதம் தொங்குபவர்களுக்கான ஏஎஃப்ஓ (கணுக்கால், பாத பிரேஸ்), இனிப்பு நீர்க்காரர்களின் செருப்புக்குள் வைக்கும் மெத்தைத் தகடு, பிள்ளைகளின் பிரேஸ். ஒரு ஏஎஃப்ஓ காலையில் அச்செடுத்தால் மறுநாள் மாலை கொடுத்துவிடலாம், இரண்டு முறை திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். அச்சு மேல் ஒரு தகடு பிளாஸ்டிக்கை இழுக்கும் அதே அடுப்பு, அதே பம்ப். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கோணக்கால் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி ஐந்தாறு கட்டுக்குள் பாதம் நேராகிவிடும், பிறகு சப்பாத்துகளை இணைத்த கம்பி பிரேஸ், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நாலைந்து வயது வரை தூங்கும்போது. பிள்ளை வளர வளரச் சப்பாத்து மாற்ற வேண்டும், அம்மாக்கள் தானாக வருவார்கள். அழுகிறது பாவம் என்று கழற்றி வைத்தால் பாதம் திரும்பவும் வளையும், அதை மட்டும் முதல் நாளே பயமுறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். வரவுக்குக் காசு வாங்காதீர்கள், விலையை ஏற்றுங்கள். கால், முதல் வருடச் சீரமைப்பு எல்லாம் சேர்த்து 5,600 என்று ஒரே விலை. "இதில் ஒரு வருடத்துக்கு எத்தனை முறை வந்தாலும் இலவசம்" என்று விலைச்சீட்டிலேயே அச்சடித்து விடுங்கள். புதிய சாக்கெட் தேவைப்பட்டால் தனி விலை, அதையும் அன்றே எழுதிவிடுங்கள். எட்டாம் மாதம் வாக்கில் கட்டாயம் தேவைப்படும் என்று முதல் நாள் சொல்லாவிட்டால், சொல்கிற நாளில் ஏமாற்றுக்காரன் பட்டம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

டயர்கடை_தவுக்கே | வெள்ளி, இரவு 9.40

இதைத்தான் நானும் சொன்னேன், வேறு மாதிரி.

லயன்வீட்டுப்_பேத்தி | வெள்ளி, இரவு 10.05

நீங்கள் சொன்னது முற்றிலும் வேறு அங்கிள் 😄

5,600 என்றால் எங்கள் மாதிரிக் குடும்பம் அந்த எண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். இணையத்தில் எண்ணூறு வெள்ளிக்குக் கால் விற்கிறார்கள், மாமா ஒருவர் அதையே அனுப்பி இதை வாங்கு என்கிறார்.

கூலிம்_பிரேஸ் | வெள்ளி, இரவு 10.25

எண்ணூறுக்கு வருவது பாதமும் குழாயும் இணைப்பும்தான் தங்கச்சி. சாக்கெட் யாருடைய அளவு? மாமாவுடைய அளவா?

பட்டறைக்காரன் | சனி, காலை 6.55

எல்லாரும் எழுதியதை மனைவியும் உட்கார்ந்து படித்தாள். 40 வெள்ளி போர்டு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஆனால் பனியன் கதைக்காக மட்டும்தானாம், கணக்கில் தான் சொன்னது சரி என்பதை இங்கே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

5,600 என்று ஒரே தாவலாக ஏற்ற எனக்குத் தைரியமில்லை. 5,200, முதல் வருடம் எத்தனை முறை வந்தாலும் சேர்த்து. மூன்று தவணை, கால் போட்டு நடந்த பிறகு கடைசித் தவணை. சாக்கெட் மாற்றம் தனி விலை, விலைச்சீட்டில் தடித்த எழுத்தில். சீரமைப்பு எல்லாம் செவ்வாய், வியாழன் மட்டும், அந்த இரண்டு நாளில் அச்செடுக்கும் வேலை கிடையாது, ஆகவே ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வேறு வேலை நிற்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துப் பக்கம் நானே வேனில் போகலாம் என்று நினைக்கிறேன், கோயில் மண்டபம் கேட்டிருக்கிறேன், டீசல் செலவு பற்றி மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை. ஏஎஃப்ஓ, மெத்தைத் தகடு பற்றி கூலிம் அண்ணனிடம் தனியாகப் பேச வேண்டும். எனக்கு அந்த வேலை வரும், ஆனால் இங்கே இருக்கும் கிளினிக்குகளுக்கு நான் கால்காரன் என்று மட்டும்தான் தெரியும்.

லாரி ஐயாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், முந்தின டயாலிசிஸ் முடிந்து நிறைய நேரம் ஆன பிறகு, மறுபடி அளவெடுக்க வேண்டும், ஞாயிறு மாலை வாருங்கள் என்று. புதிய சாக்கெட் என் செலவு, தப்பு என்னுடையது. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தைப்பூசத்துக்கு பத்துமலை 272 படி ஏற முடியுமா என்று கேட்டார். நேர்த்திக்கடனாம், கால் போகும் முன்பே வேண்டிக்கொண்டது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில், கைப்பிடியை விடக்கூடாது, இன்றிலிருந்து வீட்டு வாசல்படியில் பழகுங்கள் என்றேன். மருத்துவரிடமும் இதயம் தாங்குமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். வெறுங்காலில்தான் ஏறுவேன் என்கிறார், ஆக அவருக்கும் ஓர் ஆப்பு.

இடதுகால்_விடுமுறை | சனி, காலை 7.30

எனக்கு வெட்டும் ஆப்பையும் மறந்துவிடாதீர்கள். செவ்வாய் வருகிறேன். பூச்சாண்டியையும் எடுத்து வரட்டுமா, அந்தப் பாதம் யாருக்காவது ஆகுமா?

பட்டறைக்காரன் | சனி, காலை 7.42

எடுத்து வாருங்கள் அண்ணே. குழாயும் இணைப்பும் நன்றாக இருந்தால் துடைத்துப் பயிற்சிக் காலுக்கு வைத்துக்கொள்வேன். பாதம் எந்த அளவு, அடியில் எண் போட்டிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

இடதுகால்_விடுமுறை | சனி, காலை 7.58

25. இடது.